ஆடு விற்ற காசில் படித்த பெண்

கேள்வி:

வணக்கம் டாக்டர் அம்மா. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வீட்டுக்காரர் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேய்க்கும் கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்றவர். செம்பனைக்குள் 23 ஆடு வைத்திருக்கிறார். மகள் கோலாலம்பூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு வருடமாகக் கறி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. போன மாதம் முனியாண்டி கோயில் திருவிழாவில் அப்பா கொடுத்த கிடாவை வெட்டியதைப் போனில் பிடித்து டிக்டாக்கில் போட்டுவிட்டாள். அவர் முகம் அதில் நன்றாகத் தெரிகிறது. யார் யாரோ திட்டி எழுதினார்கள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேச்சில்லை. "உலகம் சூடாவதில் பாதி ஆடு மாட்டாலதான்" என்கிறாள் இவள். "இந்த ஆட்ட வித்துத்தான் உன்ன படிக்க வைக்கிறேன்" என்கிறார் அவர். தீபாவளி வருகிறது. அவள் சொல்வது உண்மையா? இப்படியே சாப்பிட்டால் உடம்பு என்னாகும்? நான் யார் பக்கம் பேசுவது? இதற்கிடையில் ஒரு பெட்டை ஆட்டுக்குத் தாடை வீங்கியிருக்கிறது. மகள் வீட்டுக்கு வந்தால் ராத்திரியில் எழுந்து போய் அதற்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறாள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அக்கா,

தாடை வீக்கம் நாள் கடத்தக்கூடியது அல்ல. அதற்கான பதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதை முதலில் படித்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மகள் சொல்லும் "பாதி" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2009-ல் இரண்டு பேர் ஒரு சுற்றுச்சூழல் இதழில், உலகின் பசுங்குடில் வாயுக்களில் 51 விழுக்காடு கால்நடைகளால் வருகிறது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஆடு மாடு விடும் மூச்சையும் சேர்த்திருந்தார்கள். புல் காற்றிலிருந்து எடுத்த கரிதான் (கார்பன்) ஆட்டின் மூச்சில் திரும்பிப் போகிறது. அதைப் புதுக் கரியாக எண்ணும் வழக்கம் அறிவியலில் இல்லை. ஆனாலும் அந்த எண் இன்றுவரை ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐநாவின் உணவு, வேளாண் நிறுவனம் 2006-ல் 18 விழுக்காடு என்றது. 2013-ல் அதுவே 14.5 என்று திருத்தியது. 2023-ல் வேறு முறையில் கணக்குப் போட்டுச் சுமார் 12 என்றது. ஆக, பாதி இல்லை. ஆனால் எட்டில் ஒரு பங்கு என்பதும் சின்ன விஷயம் இல்லை, அக்கா. எண்ணைத் தவறாகச் சொன்னாள் என்பதற்காக அவள் கவலையையே தூக்கிப் போட்டுவிட முடியாது.

அந்த வாயு எப்படி வருகிறது என்பதை உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வயிறு உப்பிய ஆட்டை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்! இரவெல்லாம் உட்கார்ந்து விலாவைத் தேய்த்துவிட்டிருப்பார். கால்நடை டாக்டர்கள் நாங்கள் குழாய் விட்டு வாயுவை இறக்கும்போது முகத்தில் அடிக்கும் காற்றில் மீத்தேன் இருக்கிறது. அசைபோடும் பிராணிக்கு நாலு அறை வயிறு. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு, நம்மால் செரிக்க முடியாத புல்லையும் ஓலையையும் நொதிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியாக வெளியேறுகிறது. காற்றில் அது சுமார் 12 ஆண்டுதான் தங்கும். ஆனால் நூறு வருடக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். கோழிக்கும் பன்றிக்கும் இந்த வயிறு இல்லை. அதனால்தான் எல்லாக் கறியும் ஒரே கணக்கில் வருவதில்லை.

2018-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். 100 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்று சராசரி எடுத்தார்கள். இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டுக்குச் சுமார் 50 கிலோ. ஆட்டிறைச்சிக்கு 20. கோழிக்கு 6-ஐ ஒட்டி. முட்டைக்கு 4. தவ்ஹுவுக்கு (சோயாக் கட்டி) 2. பருப்பு வகைக்கு 1 கிலோகூட இல்லை. இன்னொன்றும் சொன்னார்கள்: உலக விவசாய நிலத்தில் 83 விழுக்காடு கால்நடைக்கும் அதன் தீவனத்துக்கும் போகிறது, அதிலிருந்து நமக்குக் கிடைப்பது 18 விழுக்காடு கலோரிதான். இந்த இடத்தில் உங்கள் மகள் சொல்வது சரி, நானும் அவள் பக்கம்தான். வாரத்தில் மூன்று நாள் கறி சமைக்கும் வீடு அதை ஒரு நாளாக்கிக்கொண்டால் நிலத்துக்கும் காற்றுக்கும் லாபமே தவிர நட்டமில்லை.

ஆனால் சராசரி என்பது சராசரிதான். அதே ஆய்வில், மாட்டிறைச்சியில் மோசமான பண்ணைக்கும் நல்ல பண்ணைக்கும் வித்தியாசம் 12 மடங்குவரை போகிறது. காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்கிய பிரேசில் பண்ணையும், செம்பனை நிழலில் களையைத் தின்னும் 23 ஆடும் ஒன்றல்ல. உங்கள் ஆடுகள் தின்பது மரத்தடிப் புல்லும், வெட்டிப் போட்ட செம்பனை ஓலையும், ஆலையில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் பருப்புப் புண்ணாக்கும். அதில் எதையும் மனிதன் தின்ன முடியாது. ஏப்பம் விடத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் புல்லுக்காக யாரும் புதிதாகக் காட்டை அழிக்கவில்லை.

இங்கே உங்கள் மகளோடு உட்கார்ந்து நெடுநேரம் பேச எனக்கு ஆசை. காரணம், அவளுக்கு இரண்டு கவலை இருக்கிறது. ஒன்று பூமி, இன்னொன்று பிராணியின் வேதனை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எதையுமே தொடாத அவளுக்கு இது சிக்கல் இல்லை. அவள் பேச்சைக் கேட்டுத் தட்டை மாற்றப் போகிற மற்றவர்களுக்குத்தான் சிக்கல். ஒரு நல்ல கிடாவை வெட்டினால் பதினைந்து பதினாறு கிலோ கறி கிடைக்கும். அதே கறி கோழியிலிருந்து வர வேண்டுமானால் பத்துப் பதினோரு கோழி சாக வேண்டும். ஒரு மாட்டுக்குப் பதில் நூறு கோழிக்கு மேல். "பூமிக்காக ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறுங்கள்" என்று கேட்டு ஒரு குடும்பம் மாறினால், காற்றில் மீத்தேன் குறையும், வேதனைப்படும் உயிர்களின் எண்ணிக்கையோ பத்து மடங்காகும்.

அந்தக் கோழி எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்தவள் நான். முட்டையிலிருந்து வந்த முப்பத்தைந்தாவது நாளில் இரண்டு கிலோ ஆகிவிடும்படி அதன் உடம்பை இனப்பெருக்கத்திலேயே மாற்றி வைத்திருக்கிறார்கள். நெஞ்சுக்கறி வளரும் வேகத்துக்குக் கால் எலும்பு ஈடு கொடுப்பதில்லை. கடைசி வாரத்தில் கொட்டகைக்குள் நடந்தால், எழுந்து விலக முடியாமல் காலடியிலேயே உட்கார்ந்திருக்கும் கோழிகளைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். முட்டைக் கோழியின் கூண்டோ ஒரு கோழிக்கு ஒரு தாள் அகலம், சிறகை விரிக்க இடம் கிடையாது. உலகத்தில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் மேற்பட்ட கோழிகளைக் கறிக்காக அறுக்கிறார்கள். தலைக்கு அதிகக் கோழி சாப்பிடும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இந்தக் கோழிகள் தின்னும் சோளமும் சோயாவும் பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகின்றன. உங்கள் ஆடோ பகலெல்லாம் நடந்து மேய்ந்து, குட்டியைப் பாலூட்டி வளர்த்து, மழை வந்தால் பரணுக்கு ஓடி வருகிற பிராணி. அதன் கடைசி ஐந்து நிமிடம் வேதனையானது. மிச்ச நாளெல்லாம் அது ஆடாக வாழ்ந்திருக்கிறது. கொட்டகைக் கோழி ஒரு நாள்கூடக் கோழியாக வாழ்ந்ததில்லை.

அந்தக் காணொளியில் உங்கள் வீட்டுக்காரரைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அன்று மத்தியானம் கோழிச் சோறு தாப்பாவ் (பொட்டலம்) வாங்கினார்களோ, தெரியாது. நான் இதை மனம் நொந்துதான் எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற ஒரு வெட்டு எல்லோரையும் கொதிக்க வைக்கிறது. மூடிய கொட்டகைக்குள் நடப்பதை யாரும் படம் பிடிப்பதில்லை.

1999-ல் நான் கால்நடை இலாகாவில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் மூளைக் காய்ச்சலில் விழ ஆரம்பித்திருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தோம், தடுப்பூசி போட்டோம். நிற்கவில்லை. நோய் பன்றிகளோடு லோரியில் ஏறி நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்குக்குப் போனது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்தப் புது வைரசைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரில் அதை நிப்பா என்றார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பண்ணைக்குப் பக்கத்திலேயே பழமரங்கள், அவற்றுக்கு வரும் பழந்தின்னி வௌவால், கீழே நெருக்கமாக அடைத்த ஆயிரக்கணக்கான பன்றி. வௌவால் கடித்துப் போட்ட பழம் பட்டிக்குள் விழுந்தது போதுமானதாக இருந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். இராணுவத்தினர் சுட்டார்கள். குழியின் ஓரத்தில் முகமூடியோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சத்தத்தை நான் யாருக்கும் விவரித்ததில்லை, இப்போதும் விவரிக்கப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து, நெருக்கி அடைத்து வளர்ப்பது பிராணிக்கு மட்டுமான கேடு என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அவள் போராட விரும்பும் விஷயத்துக்கு நம் நாட்டு மண்ணிலேயே இருக்கும் சாட்சி இது.

இனி நீங்கள் இருக்கும் ஊர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் உங்கள் பக்கத்தில்தான் போடப்பட்டது. அந்தத் தோட்டத்தின் பெயரே தென்னமரம், நம் ஆட்கள் வாயில் வந்த பெயர். காடு இருந்த இடத்தில் பால்மரமும் செம்பனையும் வந்தன. சற்று வடக்கே ராஜா மூசா வனக்காப்பகத்தில், ஆளுயரத்துக்கு மேல் ஆழமான சதுப்புக் கரிமண்ணை வாய்க்கால் வெட்டி வடிய விட்டதால் வறட்சியில் அது தீப்பிடித்துப் புகைந்ததை உங்கள் ஊரார் பார்த்திருக்கிறார்கள். அந்த மண் எரியும்போது போகும் கரிக்கு முன்னால் உங்கள் கொட்டகையின் ஏப்பம் எம்மாத்திரம்? கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகள் அந்த ஆற்றங்கரை மரங்கள் வெட்டப்பட்டபோது குறைந்துபோயின. தயவுசெய்து இதையெல்லாம் சொல்லி அவள் வாயை அடைக்காதீர்கள். "ஊரில் பெரிய திருடன் இருக்கிறான், என்னை ஏன் கேட்கிறாய்" என்ற பேச்சாகிவிடும். அவள் கேள்வி இன்னும் அகலமாகட்டும் என்றுதான் சொல்கிறேன். அவள் வாங்கும் சைவ பிஸ்கட்டிலும் சோப்பிலும் இருப்பது இந்தத் தோட்டத்து எண்ணெய்தான் என்பதை அவளும் யோசிக்கட்டும்.

களைக்கொல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை வருடம் முதுகில் பம்பு கட்டிக்கொண்டு பாராகுவாட் அடித்தார்கள்! நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது. 2020 ஜனவரியில்தான் இந்த நாட்டில் அதற்கு முழுத் தடை வந்தது. செம்பனைக்குள் ஆடு மாடு மேய்ந்தால் களை குறைகிறது, மருந்தடிப்பதும் குறைகிறது. கால்நடை இலாகா இதைப் பல வருடமாகத் தோட்டங்களுக்குச் சொல்லி வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் செய்வது சுற்றுச்சூழலுக்கு எதிரான வேலை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு பக்கத்தையாவது அவர்கள் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

அடுத்து அந்த வெட்டு. இதில் நான் அண்ணனுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரருக்கு, பிடிக்காததைச் சொல்லப் போகிறேன். தோட்டத்துக் கோயில்களில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என் அப்பாவும் கிடா கொடுத்தவர். காலையிலிருந்து வெயிலில் கட்டி வைத்த ஆடு, காதைப் பிளக்கும் உறுமி, பட்டாசு, தண்ணீர் தெளித்துத் தலையாட்டக் காத்திருப்பது, பக்கத்தில் வரிசையில் நிற்கும் மற்ற ஆடுகளின் கண் முன்னே பாராங் கத்தி இறங்குவது. கை பழகாதவர் வெட்டினால் இரண்டாவது வெட்டு, சில சமயம் மூன்றாவது. ஆட்டுக்குச் சாவு என்னவென்று தெரியுமோ தெரியாதோ, பயம் தெரியும். இரத்த வாடையும், கூட்டாளியின் அலறலும் அதற்குப் புரியும். நாடித்துடிப்பைக் கை வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன். உங்கள் மகள் பார்த்துக் கலங்கியது பொய்க்காட்சி அல்ல.

தமிழ்நாட்டில் 2003-ல், 1950-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தார்கள். கிராம மக்கள் தங்கள் சாமியையே தடை செய்ததாக எடுத்துக்கொண்டார்கள். 2004-ல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. மேலிருந்து வந்த தடை ஒரு வருடம்கூட நிற்கவில்லை. முனியாண்டி லயத்து மக்களின் காவல் தெய்வம். காடு வெட்டி, பாம்புக்கும் புலிக்கும் பயந்து வாழ்ந்தவர்கள் தங்களிடம் இருந்த மிகப் பெரிய பொருளைக் கொடுத்தார்கள், அன்று அது ஆடு. அந்த நம்பிக்கையைக் கேவலப்படுத்தி யாரையும் மாற்ற முடியாது. ஆனால் அதே நம்பிக்கைக்குள்ளிருந்து கேட்கலாம்: சாமிக்குக் கொடுக்கிற உயிரை ஏன் இவ்வளவு நேரம் பயத்தில் நிறுத்தி வைக்க வேண்டும்? ஆட்டை நிழலில் கட்டலாம். கடைசிவரை தண்ணீர் வைக்கலாம். ஒன்று வெட்டப்படுவதை இன்னொன்று பார்க்காமல் திரை கட்டலாம். கூர்மையான கத்தியும் கை பழகிய ஆளும் இல்லாவிட்டால் அந்த ஆண்டு வெட்டு வேண்டாம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்யலாம். மண்டோராக இருந்தவர் கமிட்டியில் சொன்னால் எடுபடும். கிடாவுக்குப் பதில் பூசணிக்காய் உடைக்கும் தோட்டத்துக் கோயில்களும் இருக்கின்றன, அங்கேயும் சாமி இருந்துகொண்டுதான் இருக்கிறார். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. உணவுக்காக அறுப்பதை அது தடுக்கவில்லை. பிராணியை வதைத்தால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. இதையும் கமிட்டிக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்தக் காணொளியை அவள் எடுத்துவிட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் முகத்தைக் கேட்காமல் போட்டது தவறு, பெற்றவர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பிராணிகளுக்காகப் பேசிக் காரியம் சாதித்தவர்கள் ஏழை வளர்ப்பவனின் முகத்தைக் காட்டிச் சாதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் முட்டைக் கோழிகளின் பழைய கூண்டு முறையைத் தடை செய்தது. வருடக்கணக்காகச் சட்டம் இயற்றுபவர்களையும் பெரிய வியாபாரிகளையும் துரத்தித் துரத்திக் கேட்டதால் வந்த தடை அது. உங்கள் மகளுக்கு வேகம் இருக்கிறது, பேச வருகிறது. அவள் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கடையில் எந்த முட்டை வாங்குகிறார்கள் என்று கேட்டு ஒரு மனு எழுதட்டும். அந்த மனு எந்த முனியாண்டி கோயிலையும்விட அதிகமான உயிர்களைத் தொடும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நம்மவர்களிடையே சைவம் என்பது வெறும் சாப்பாடாக இருந்ததில்லை. கறி தின்பவன் கீழ், தின்னாதவன் மேல் என்று ஒரு அளவுகோலும் கூடவே கப்பலேறி வந்தது. லயத்தில் யார் வீட்டில் என்ன கறி வேகிறது என்பதை மோப்பம் பிடித்து ஆளை எடை போட்டவர்களை என் அம்மா பார்த்து அழுதிருக்கிறார். உங்கள் மகள் இரக்கத்தால் கறியை விட்டிருக்கிறாள், அதற்காக அவளை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் பேச்சைக் கேட்கும் அப்பாவின் காதில் அந்தப் பழைய அளவுகோல்தான் விழுகிறதோ என்னவோ. அவர் கோபத்தில் பாதி அதுவாக இருக்கலாம். "நீங்க தப்பானவர்னு சொல்லலப்பா" என்று அவள் வாயால் ஒரு முறை சொல்வது மிக அவசியம்.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் மாட்டு டாக்டர். மனித உடம்புக்கு உங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) எழுதி வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனை உணவியல் நிபுணரைப் பாருங்கள். ஆனாலும் உறுதியாகத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன். பால், முட்டைகூட இல்லாமல் சாப்பிடுகிறவளுக்கு வைட்டமின் பி12 மாத்திரை கண்டிப்பாக வேண்டும். அது செடி கொடி உணவில் நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் ஓடும், அதனால் ஒரு வருடத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு கை கால் மரத்துப்போதல், மறதி, சோகை என்று வரும், சில பாதிப்புகள் பிறகு சரியாகவே ஆகாது. இரண்டாவது இரும்புச்சத்து. மாதவிலக்கு உள்ள பெண்பிள்ளை என்பதால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, டெம்பே (நொதிக்க வைத்த சோயா), தவ்ஹு எல்லாம் நல்லது, கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் இரும்பு சேரும். சாப்பிட்ட கையோடு கோப்பி குடித்தால் சேராது. புரதத்துக்குப் பயப்பட வேண்டாம். டெம்பே இருக்கிற நாட்டில் பிறந்துவிட்டுப் புரதத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. சைவம் என்று சொல்லி வெள்ளைச் சோறும் வடையும் மீகூனுமாக ஓட்டினால்தான் கெடுதல். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது.

வீட்டில் கறி சாப்பிடுபவர்களுக்கும் ஒன்று: சாசேஜ், ஹாம் வகையறாவை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) குச்சியில் குத்தித் தரும் சாசேஜை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். தீபாவளி ஆட்டுக்கறியை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தீபாவளிக்கு என்ன செய்வது? அண்ணனுக்கு அது வியாபாரக் காலம். அந்தப் பணத்தில்தான் அடுத்த அரையாண்டுக் கட்டணம். அவர் ஆடு விற்கட்டும். மகளை வெட்டுமிடத்துக்கோ கறி கழுவவோ கூப்பிடாதீர்கள், "ஒரு துண்டு சாப்பிட்டா என்ன" என்று யாரும் தட்டில் வைக்க வேண்டாம். அவளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, மசாலாவில் அதே கை. பலாக்காயை உங்கள் ஆட்டுக்கறி மசாலாவிலேயே பிரட்டினால் மேசையில் இரண்டு சட்டியும் ஒரே வாசனையோடு இருக்கும். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மறைத்து அறிவுரை சொல்வது சரியில்லை. மீன் சாப்பிடுகிறேன். தெரிந்தவர் வளர்த்த கம்போங் கோழியும் அதன் முட்டையும் எப்போதாவது. புக்கிட் பெலாண்டோக்குக்குப் பிறகு கொட்டகைக் கறி எனக்கு இறங்குவதில்லை.

யார் பக்கம் பேசுவது என்றால், அண்ணனிடம் "அவ பார்த்து அழுதது உண்மைங்க" என்று சொல்லுங்கள். மகளிடம் "அப்பா முகத்த எடுத்துடும்மா" என்று சொல்லுங்கள். முன்னும் பின்னும் விளக்கம் வேண்டாம்.

இப்போது அந்தப் பெட்டை ஆடு. தாடைக்குக் கீழே பை போல நீர் கோத்து, மேய்ந்துவிட்டு வரும் மாலையில் பெருத்து, காலையில் வற்றுகிறது என்றால் பெரும்பாலும் வயிற்றுப் புழுதான். நூல் மாதிரி இருக்கும் அந்தப் புழு வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தத்தில் சத்து இறங்கியதும் நீர் கீழே கோத்துக்கொள்கிறது. கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி வெள்ளைத் துணி போல இருந்தால் அன்றே மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள், புழுக்கையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். கடையில் புழு மருந்து வாங்கிக் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம். நம் நாட்டு ஆடுகளில் பல மருந்துகளுக்குப் புழு பழகிவிட்டது. குறைவாகக் கொடுத்தால் இன்னும் பழகும். எடை போட்டு, அவர்கள் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். பனி காய்ந்து பத்து மணிக்கு மேல் மேய விடுங்கள், ஈரப் புல்லின் நுனியில்தான் குஞ்சுப் புழு ஏறியிருக்கும். பரணுக்குக் கீழே சேரும் புழுக்கையை வாராவாரம் வாரிவிடுங்கள்.

மற்ற 22 ஆடுகளுக்கும் இமை பார்க்க வேண்டும். இது ஒருவரால் ஆகாத வேலை. ஒருவர் ஆட்டின் தலையைத் தொடை நடுவில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் இமையை இறக்கி நிறம் பார்த்து, வெளிறியதற்குக் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். அண்ணன் பிடிக்கட்டும். உங்கள் மகளுக்குக் கண் கூர்மை, அவள் பார்க்கட்டும். அவள் அடுத்து ஊருக்கு வரும் சனிக்கிழமை காலை, மேய விடுவதற்கு முன் வெளிச்சம் நன்றாக வந்ததும் ஆரம்பித்தால் ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம்.